என் பெயரின் நடுவில் ஒரு அனாக்

என் அடையாள அட்டையில் என் பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவே இரண்டு எழுத்துகள் ஒரு சாய்கோட்டைச் சுமந்துகொண்டு நிற்கின்றன: ஏ/பி. மலேசியத் தமிழ்ப் பெண்களில் அநேகமாக எல்லாருக்கும் இது உண்டு. விரித்துச் சொன்னால் 'அனாக் பெரெம்புவான்'. மலாய் மொழியில் அனாக் என்றால் பிள்ளை, பெரெம்புவான் என்றால் பெண். ஆண்களுக்கு ஏ/எல், அதாவது அனாக் லெலாக்கி. வெள்ளைக்காரன் காலத்தில் 'இன்னாரின் மகள்' என்று ஆங்கிலத்தில் குறித்து வைத்ததன் மலாய் உருவம் இது. வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் ஒரு பெண் அலுவலர் என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "மிஸ் ஆப்?" என்று கூப்பிட்டார். அதுதான் என் குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டார். திருத்த நேரமில்லை. ஒரு பயணம் முழுக்க நான் மிஸ் ஆப்பாகவே இருந்தேன்.

அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. அட்டையில் இன்னும் நான் அவருடைய அனாக்.

இதைச் சொல்லாமல் அந்த இசைத்தொகுப்பைப் பற்றி என்னால் எழுத முடியாது. 2019 ஆகஸ்டில் ஜே சோம் என்ற அமெரிக்கப் பாடகி வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'அனாக் கோ'. முதலில் அந்தப் பெயரைத்தான் பார்த்தேன், பாட்டைப் பிறகுதான் கேட்டேன். பார்த்த கணத்தில் சிரித்தும்விட்டேன். பேச்சு மலாயில் 'கோ' என்றால் 'நீ', 'உன்'. 'காவ்' என்ற சொல்லை நண்பர்கள் செய்தி அனுப்பும்போது அப்படித்தான் குறுக்கி எழுதுவார்கள். மரியாதை இல்லாத சொல், பெரியவர்களிடம் எடுபடாது. ஆகவே என் கண்ணுக்கு அந்தத் தொகுப்பின் அட்டையில் எழுதியிருந்தது: 'உன் பிள்ளை'. யாரோ ஒருத்தி தன் அம்மாவுக்கு எரிச்சலோடு எழுதிய கடிதத்தின் கடைசி வரி போல இருந்தது.

பிறகுதான் அது மலாய் இல்லை, பிலிப்பைன்ஸில் பேசும் தகலோக் என்று தெரிந்தது. இரண்டும் ஒரே மொழிக் குடும்பம். அனாக் இரண்டிலும் பிள்ளைதான். ஆனால் தகலோக்கில் 'கோ' என்றால் 'என்'. 'என் பிள்ளை.' இசைக்கலைஞரின் அம்மா அவருக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பும்போதெல்லாம் அப்படித்தான் அழைப்பாராம். மகள் அந்த அழைப்பை எடுத்துத் தன் தொகுப்புக்கு வைத்துவிட்டார்.

ஒரே இரண்டு சொற்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அம்மா சொன்னால் என் பிள்ளை, இந்தப் பக்கம் நான் வாசித்தால் உன் பிள்ளை. ஆறு வருடமாக இந்தத் தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் தவறான வாசிப்புதான் பொருத்தமானது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வளர்ந்துவிட்டது. அம்மா 'என் பிள்ளை' என்கிறார், ஒன்பது பாட்டில் மகள் அதற்குப் பதில் எழுதுகிறாள்.

ஜே சோமின் இயற்பெயர் மெலினா டுட்டெர்டே. 1994இல் பிறந்தவர், என் வயது. பெற்றோர் பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்கா போனவர்கள். கலிபோர்னியாவின் பே ஏரியாவில் வளர்ந்து, பள்ளி நாள்களில் வருடக்கணக்காக ட்ரம்பெட் பயின்றவர். மேடைப் பெயரைத் தேர்ந்தெடுத்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும்: குழந்தைக்குப் பெயர் வைக்க உதவும் ஓர் இணையதளத்தில் தட்டிப் பார்த்தபோது வந்த பெயராம் அது. வெற்றி நிலவு என்று பொருளாம். நமக்கு அகராதியே வேண்டாம். ஜெயம், சோமன். ஜெயசோமன் என்ற பெயரில் எங்கள் ஈப்போவின் புந்தோங்கில் ஒரு மளிகைக்கடைக்காரர் இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். இருபது வயதை ஒட்டிய ஒரு பெண், பிறக்கப்போகும் குழந்தைகளுக்கான பட்டியலில் போய்த் தன்னைத் தேடி எடுத்திருக்கிறாள். பின்னாளில் 'அனாக் கோ' என்று பெயர் வைத்ததற்கு அங்கேயே ஒரு விதை விழுந்துவிட்டது என்று தோன்றும்.

2015இல், அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாளை ஒட்டிய ஓர் இரவில், கொஞ்சம் குடித்திருந்த நிலையில், முடிந்ததும் முடியாததுமாகக் கையிலிருந்த ஒன்பது பாடல்களை பேண்ட்கேம்ப் தளத்தில் ஏற்றிவிட்டார். அதுதான் தொடக்கம். 2017 மார்ச்சில் வந்த 'எவ்ரிபடி வொர்க்ஸ்' தொகுப்பைத் தன் படுக்கையறையிலேயே மூன்று வாரங்களில் தனியாக வாசித்து, பாடி, பதிவுசெய்து முடித்தார். அதில் பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. பஸ்ஸில் போவது பிடிக்கும், அங்கே நாம் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிற மாதிரியான பாட்டு. கார் வாங்குவதுதான் பெரியவர்களாவதன் முதல் சடங்கு என்று நினைக்கும் நாடு அது. எங்கள் நாடும் அப்படித்தான். எனக்கு அப்போது கார் இல்லை. கோலாலம்பூரில் நிற்கக்கூட இடமில்லாத பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டபோது, யாராக வேண்டுமானாலும் இருக்கும் வசதி எனக்கு அன்று கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் நின்றவரின் முழங்கை என் விலாவில் இருந்தது.

இந்த வகை இசையை ட்ரீம் பாப் என்பார்கள். தூங்கும்போது கேட்பதற்கான இசை என்று ஒரு நினைப்பு இருக்கிறது, பாட்டுப் பட்டியல் போடும் நிறுவனங்கள் அந்த நினைப்பை நன்றாகவே வளர்த்துவிட்டிருக்கின்றன. எனக்கு அதில் எரிச்சல். இதைக் கேட்டு நான் ஒருநாளும் தூங்கியதில்லை.

அதன் தொழில்நுட்பம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே, காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிகள் சில இருக்கும். ஒன்று ஒலியைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பச் சொல்லும். ஒன்று, பெரிய கூடத்தில் சுவருக்குச் சுவர் மோதித் தேயும் எதிரொலியை உண்டாக்கும். இன்னொன்று ஒலியின் நகல் ஒன்றை எடுத்து, அதன் சுருதியை இம்மியளவு அசைத்து, மூலத்தோடு சேர்த்துவிடும். ஒரே கிதார், ஆனால் சற்றே கருத்து வேறுபாடு உள்ள இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கும். இத்தனைக்கும் அடியில் பாடுபவரின் குரலை இறக்கி வைப்பார்கள். மற்ற பாப் பாட்டுகளில் குரல் நம் முகத்துக்கு எதிரே நிற்கும். இதில் அடுத்த அறையில் இருக்கும்.

அடுத்த அறை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. காரணம் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருந்த பாட்டி வீடு. லயத்து வீடு, பலகைச் சுவர், தகரக் கூரை. இரவு எங்களைப் படுக்கவைத்துவிட்டுப் பெரியவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவார்கள். சொற்கள் வந்து சேராது. ஏற்ற இறக்கம் மட்டும் வரும். யார் கோபமாக இருக்கிறார்கள், யார் அழுகிறார்கள், எந்த இடத்தில் என் பெயர் வருகிறது என்பதெல்லாம் அந்த ராகத்திலேயே தெரிந்துவிடும். ட்ரீம் பாப் குரல் அப்படித்தான் வருகிறது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்காதே, எப்படிச் சொல்கிறார்கள் என்று கேள். குழந்தைகளுக்கு நன்றாகத் தெரிந்த கேட்கும் முறை இது. வளர்ந்தபின் மறந்துவிடுகிறோம், சொற்களில் போய் மாட்டிக்கொள்கிறோம்.

இந்த இசையின் தாய்வீடு என்று பலரும் சொல்வது ஸ்காட்லாந்தின் காக்டோ ட்வின்ஸ் குழுவை. அவர்களுடைய பாடகி எலிசபெத் ஃப்ரேசர் பல பாடல்களில் பொருள் கொள்ளவே முடியாத ஒலிகளைப் பாடியவர். அவர்களுடைய தொகுப்புகளிலேயே அதிகம் கொண்டாடப்படுவது 1990இல் வந்தது. ஃப்ரேசர் அதற்கு முந்தைய வருடம்தான் தாயாகியிருந்தார், அந்தப் பாடல்களில் கைக்குழந்தை இருக்கிறது. ஓர் அம்மா பிள்ளையைப் பார்த்துப் பாடியது அது. முப்பது வருடம் கழித்து அதே ஒலிக்குள் ஒரு பிள்ளை அம்மாவைப் பார்த்துப் பாடுகிறது. இது நான் கட்டிவிடும் கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 'அனாக் கோ'வில் வரும் 'சூப்பர்பைக்' பாட்டில் காக்டோ ட்வின்ஸையும் பாடகி அலானிஸ் மோரிசெட்டையும் ஒன்றாகக் கலந்துபார்க்க நினைத்ததாக டுட்டெர்டேவே சொல்லியிருக்கிறார். ட்ரீம் பாப் என்ற பெயரை 1980களின் இறுதியில் முதலில் சொன்னவர்கள் ஏ.ஆர். கேன் என்ற லண்டன் இரட்டையர். இருவரும் ஆப்பிரிக்க வம்சாவளிக் கறுப்பினத்தவர். வெளிறிய இளைஞர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு வாசிக்கும் இசை என்று இதைக் கேலி பேசுவோர் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

'அனாக் கோ'வுக்குத் திரும்புகிறேன். 2017 இறுதியில் டுட்டெர்டே பே ஏரியாவை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார். பிறகு ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தில் ஒரு வீடு எடுத்து ஒரு வாரம் தனியாக இருந்து பல பாடல்களுக்கு அடிப்படை போட்டார். பதிவு, தயாரிப்பு, ஒலிக்கலவை எல்லாம் வழக்கம்போலத் தானே, வீட்டிலேயே. ஆனால் இந்த முறை கதவைத் திறந்துவைத்தார். மேடையில் கூட வாசிப்பவர்கள் வந்தார்கள், வகபான் என்ற பெயரில் பாடும் லெட்டீஷியா டாம்கோ வந்தார், சாஸ்டிட்டி பெல்ட் குழுவின் ஆனி ட்ரஸ்காட் வயலினோடு வந்தார்.

இருபத்தைந்து வயதில் வளர்வது பற்றி எழுதப்படும் தொகுப்புகளில் ஒரு பொதுவான திமிர் இருக்கும். ஊரை விட்டு வந்தேன், உங்களை எல்லாம் தாண்டி வந்தேன், பழைய நான் செத்துவிட்டேன் என்பது போல. எனக்கு அப்படிப்பட்ட பாட்டுகள் பிடிக்கும், பொய் சொல்லமாட்டேன், கார் ஓட்டும்போது சத்தமாகப் பாடவும் செய்வேன். 'அனாக் கோ'வில் அந்தத் திமிர் இல்லை. தன்னிடமும் பிறரிடமும் கொஞ்சம் பொறுமையாக இருக்கப் பழகிய ஒருத்தியின் குரல் இருக்கிறது. எல்லாவற்றையும் தானே செய்து காட்டிய பெண், மூன்று வாரத்தில் முடித்துக் காட்டிய பெண், இப்போது மற்றவர்களுக்கு இடம் விடுகிறாள். வளர்ந்ததன் அடையாளம் பாட்டு வரிகளில் இருப்பதைவிட, யார் யார் வாசித்திருக்கிறார்கள் என்ற பட்டியலில் அதிகம் இருக்கிறது. 'நைட்டைம் ட்ரைவ்' பாட்டின் முடிவில் குரல் ஒதுங்கிக்கொண்டு வயலினை முன்னே விடும் அந்தக் கட்டம் எனக்கு ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்கிறது. ஊர் ஊராக வண்டி ஓட்டிப்போய்ப் பாடிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பும் வாழ்க்கையைப் பற்றிய பாட்டு. புலம்பியிருக்கலாம். புலம்பவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வது போல முடிகிறது.

எல்லாப் பாட்டும் சமம் என்று சொல்லமாட்டேன். 'டிவோஷன்' என் காதில் ஒட்டுவதே இல்லை, ஆறு வருடமாக முயன்றும். தலைப்புப் பாட்டும் முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அதில் சொல்லைவிட ஓசைதான் அதிகம். இன்று யோசித்தால் வேறு எப்படி எழுதியிருக்க முடியும் என்று தோன்றுகிறது. அம்மா அனுப்பும் செய்திக்கு நாம் எல்லாரும் அனுப்பும் பதிலும் ஏறக்குறைய அப்படித்தானே.

என் அம்மாவின் செய்திகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முப்பத்தொரு வயது, இன்றும் 'பாப்பா' என்றுதான் தொடங்குவார். முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் 'இப்படிக்கு அம்மா' என்று கையெழுத்திடுவார். வாட்ஸ்அப்பில் யார் அனுப்பியது என்று மேலேயே இருக்கிறது அம்மா என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "கடுதாசி என்றால் கீழே பெயர் போடவேண்டும்" என்பார். 'கேஸ் தீர்ந்துவிட்டது, ஆளுக்குச் சொல்லிவிட்டேன், இப்படிக்கு அம்மா.' இதற்கு என்ன பதில் எழுதுவது? கட்டைவிரலை உயர்த்தும் படம் ஒன்றை அனுப்புவேன்.

பிலிப்பைன்ஸ் இசையில் அனாக் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய பாரம் உண்டு. ஃப்ரெடி அகிலார் 1978இல் பாடிய 'அனாக்' ஆசியா முழுக்கப் பரவிய பாட்டு. நீ பிறந்தபோது உன் அப்பா அம்மாவுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று தொடங்கும். இரவெல்லாம் பால் கலக்கிக் கொடுத்தாள் அம்மா, விடிந்ததும் தூக்கிவைத்துக்கொண்டார் அப்பா என்று போகும். பிள்ளை வளர்ந்து, அடங்காமல் போய், கெட்டழிந்து திரும்பும்போது முதலில் போய் நிற்பது அழும் அம்மாவின் முன்னால். ஏன் பிள்ளை இப்படி ஆனாய் என்று அவர்கள் கேட்பார்கள். மொழி தெரியாமலே கண்ணில் நீர் வரவைக்கும் மெட்டு. அருமையான பாட்டுத்தான், ஆனால் எனக்கு அதன்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. முழுக்க முழுக்கப் பிள்ளையை நிற்கவைத்துப் பேசும் பாட்டு அது, பிள்ளைக்கு வாயே கிடையாது. வீட்டைவிட்டு வெளியே போய் வளர்ந்த எல்லாரும் கெட்டுப்போய்த்தான் திரும்புகிறோமா என்ன? சிலர் வாடகை கட்டிக்கொண்டு, பல் டாக்டரிடம் தாமதமாகப் போய்க்கொண்டு, சுமாராக இருக்கிறோம். அப்படிச் சுமாராக இருக்கும் பிள்ளையின் பக்கத்திலிருந்து யாராவது பாட வேண்டியிருந்தது. அகிலாருக்குப் பதில் என்று எண்ணி டுட்டெர்டே பாடினார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு பெரிய சொல்லை அதன் தண்டனைப் பொருளிலிருந்து எடுத்து, அன்றாடம் வரும் கைப்பேசிச் செய்தியின் அளவுக்குச் சிறிதாக்கித் தந்திருக்கிறார். அந்தத் தலைப்பில் அவருக்கு இன்னொரு பொருளும் பிடித்திருந்தது: தொகுப்பும் தன் பிள்ளைதானே.

அதற்குப் பிறகு ஜே சோம் என்ற பெயரில் ஆறு வருடம் முழுத் தொகுப்பு எதுவும் வரவில்லை. நான் ஒரு கட்டத்தில் காத்திருப்பதை நிறுத்திவிட்டேன். அவர் சும்மா இல்லை. பேல்ஹவுண்ட் குழுவின் எல் கெம்ப்னரோடு சேர்ந்து ஒரு தொகுப்பு செய்தார். பாய்ஜீனியஸ் குழு ஊர் ஊராகப் போனபோது அவர்களோடு மேடையில் நின்று வாசித்தார். மற்றவர்களின் தொகுப்புகளைத் தயாரித்துக் கொடுத்தார். 2025 அக்டோபரில் 'பிலாங்' வந்தது. அதில் ஒரு பாட்டில் ஜிம்மி ஈட் வேர்ல்ட் குழுவின் ஜிம் அட்கின்ஸ் பாடுகிறார், இன்னொன்றில் பாராமோரின் ஹெய்லி வில்லியம்ஸ். எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்தப் பெயர்களை விளக்க வேண்டியதில்லை. பதினான்கு வயதில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட குரல்கள் இவை. அந்தக் கதவைத் தட்டிய அம்மாக்களுக்கும் தெரியும். முப்பது தாண்டியவள் அந்தக் குரல்களைக் கூப்பிட்டுத் தன் பாட்டில் பின்னால் நிற்கவைக்கிறாள். 'பிலாங்' எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் துடைத்து மினுக்கிய தொகுப்பாகப் படுகிறது. குரல் அடுத்த அறையிலிருந்து நம் அறைக்கு வந்துவிட்டது. வந்தவருக்கு நாற்காலி போட வேண்டியதுதான், ஆனால் எனக்குப் பலகைச் சுவர் பழகிவிட்டது. அதனால் பழைய தொகுப்பையே திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

போன மாதம் அம்மாவை ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு அழைத்துவந்தேன். இருநூறு கிலோமீட்டர், கண் சோதனைக்காக. புந்தோங் கச்சாங் பூத்தே, அதாவது கடலை நொறுக்குத்தீனி, மூன்று பை மடியில். கோப்பெங் தாண்டும்வரை பக்கத்து வீட்டுக் கதை, தாப்பா தாண்டும்வரை சொந்தக்காரர் கதை. பிறகு கதை தீர்ந்துபோய், பாட்டு ஏதாவது போடு என்றார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. திரையில் பெயரைப் பார்த்துவிட்டு, "அனாக் கோவா? யாருடைய பிள்ளையாம்?" என்றார். அம்மா படித்தது மலாய்ப் பள்ளியில், மொழியில் என்னைவிடக் கெட்டி. பிலிப்பைன்ஸ்காரர்கள் என் பிள்ளை என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். "நன்றாக இருக்கிறது, நம் ஊரில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்" என்றார். இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, இந்தப் பிள்ளைக்குத் தொண்டை சரியில்லையா, ஏன் வாயைத் திறந்து பாடமாட்டேன் என்கிறது என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

பீடோர் அருகே 'டெண்டர்னெஸ்' வந்தது. கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் முகம் வந்து மனத்தைக் குடையும் அனுபவத்திலிருந்து எழுதிய பாட்டு. அதற்கேற்ப முதலில் ஒலி நசுங்கி, மெலிந்து, பழைய கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் வருவது போல வரும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தாளமும் அடித்தந்தியும் முழுசாக வந்து இறங்கும்.

அம்மா காதைச் சாய்த்துக் கேட்டார். "ஸ்பீக்கர் போய்விட்டது பாப்பா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், எங்கள் வீட்டுப் பழைய டிவியைச் சரிசெய்வது போல, விரல் மூட்டால் டாஷ்போர்டில் இரண்டு தட்டு தட்டினார். சரியாக அந்த நேரத்தில் பாட்டு விரிந்து கார் முழுக்க நிறைந்தது.

"பார்த்தாயா" என்று சொல்லிவிட்டு இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, கச்சாங் பூத்தே பை ஒன்றைப் பிரித்தார். தஞ்சோங் மாலிம் வரும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.